நான்காவது கேள்வி

அஜ்மான். மே மாதம்.
ஏசி சொட்டும் வாளி
விளிம்புவரை வந்துவிட்டது.
வகுப்புச் சராசரி 'பி'க்குக் கீழே போனால்
விளக்கம் எழுத வேண்டும், மூன்று பக்கம்.
நாற்பத்தொன்றை அறுபத்தெட்டாக்க
இரண்டு நிமிடம்.

இஜ்லால் விடைத்தாளோடு வந்தாள்.
மதிப்பெண் கேட்டு வருகிறவர்களுக்கென்று
ஒரு முகம் வைத்திருக்கிறேன்,
மாட்டிக்கொண்டேன்.

"நாலாவது கேள்வியை நான் தொடவே இல்லை.
ஏழு போட்டிருக்கிறீர்கள்."

வெற்றுத் தாள்.
என் கையெழுத்தில் ஓர் ஏழு.

கூட்டல் பிழை என்றேன்.
கால்குலேட்டரை என் பக்கம் நகர்த்தினாள்.

மேசைக் கண்ணாடிக்கடியில் என் விசா நகல்,
ஆகஸ்ட்டில் முடிகிறது.
"உனக்குக் கழித்தால்
எல்லோருக்கும் கழிக்க வேண்டும்."

"கழியுங்கள், டாக்டர்."

வாளியைத் தூக்கிப் போனாள்.
கொட்டிவிட்டு வந்து
சொட்டுக்கு நேராக வைத்தாள்.
பிறகும் நின்றாள்.