இரண்டு கேமராக்களுக்கு நடுவே

அழகியமண்டபம் பெட்ரோல் பங்கைக்
கல் ஏற்றிய லாரி தாண்டியது, விடிகாலை 5:41.
சுவாமியார்மடம் பேக்கரி முன்னால்
சரிந்து நின்றது, 5:53.
என் ஸ்கூட்டர் மீட்டரில் இடைத்தூரம்
நாலு கிலோமீட்டர் இருநூறு மீட்டர்.
வகுத்தேன்:
மணிக்கு இருபத்தொன்று.

கம்பெனி வக்கீலுக்கு அது போதும்.
"சைக்கிள் வேகம், மேடம்.
இதையே எழுதிருங்க."

எழுதியிருப்பேன்.
வழியில் ஒரு சாயா குடிக்காமல் இருந்திருந்தால்.

"டிரைவர் சுயம்புவா? இங்கதான் நின்னாரு.
ரசவடை சூடாட்டு இருந்து, ரெண்டு தின்னாரு."
எவ்வளவு நேரம்?
"ஏழு நிமிசம்.
ரேடியோவில வேதபாடம் தொடங்கி முடிஞ்சுதே."

அந்த ஏழு நிமிடமும் லாரி
யாரையும் இடிக்கவில்லை.
வேப்பமரத்தடியில் சும்மா நின்றபடி
தன் சராசரியைக்
கீழே இழுத்துக்கொண்டிருந்தது.
கழித்துவிட்டு மறுபடி வகுத்தேன்.
ஐம்பது, சொச்சம்.

வளைவுக்கு முன்னால் ஒரு பல் ஆஸ்பத்திரி.
அங்கேயும் ஒரு கேமரா,
பாதி லென்ஸில் சிலந்திவலை.
இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே
இருபத்தெட்டு மீட்டர், டேப் வைத்து அளந்தேன்.
மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்து
மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.
லாரி அதைக் கடந்தது
ஒன்று புள்ளி நாலு நொடியில்.
எழுபத்திரண்டு.

இன்னும் நெருங்கிப் போனேன்.
ஒரு கம்பத்துக்கும் அதன் நிழலுக்கும் நடுவே.
ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே.
அதற்குள் லாரி வெறும் மஞ்சள் தீற்றல்,
எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது,
அளவுநாடாவை எதன்மேல் வைப்பது?
நேரத்தைச் சுருக்கச் சுருக்க
தூரமும் கூடவே சுருங்கி
கையில் ஒன்றுமில்லாமல் போகிறது.
ஆனால் இடித்தது
அந்த ஒன்றுமில்லாததில்தான்.

எழுபத்திரண்டு என்று எழுதி
கம்பங்களின் தூரத்தையும் எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
வக்கீல் நாலுமுறை அழைத்தார்.
போன் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது.

இன்னொரு கட்டம் பாக்கி:
எதிர்த்தரப்பு வாகனத்தின் வேகம்.

"எனக்க வேகமா?" என்றார் ஏசுவடியான்.
தக்கலை ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு,
தொடைக்குள் கம்பி.
"ரப்பர் ஷீட்டுக் கட்டு சரிஞ்சுது மேடம்.
கால ஊணி நின்னு கயிற முறுக்குனேன்.
அவ்வளவுதான்."
பூஜ்யம் என்று எழுதினேன்.

கிளம்பும்போது அவர் எழுந்தார்,
நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.
கட்டிலிலிருந்து கழிவறை வாசல்
பன்னிரண்டு அடி இருக்கும்.
நடுவில் இருமுறை நின்றார்.
ஒருமுறை சுவரில் நெற்றியைச் சாய்த்தார்.

தொழில் பழக்கம்,
கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.
நாலு நிமிடம்.
நிமிடத்துக்கு மூன்றடி.

நின்ற நேரத்தை
இந்தத் தடவை கழிக்கவில்லை.