பதினான்கு குச்சி

நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது,
அதனால்தான் ஏறினோம் என்று
வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.
உண்மையில் இரண்டு மாதத் திட்டம்.
கடைக்குப் பலகை ஏறிய அன்று
ஜெசிந்தாவின் தாடையில் கம்பி கட்டியிருந்தது.
பல்லிடுக்கில் ஸ்ட்ரா வைத்து
கஞ்சித்தண்ணீர் உறிஞ்சிக்கொண்டே
நோட்டில் எழுதிக் காட்டினாள்:
பிரித்ததும் முதலில் அங்கேதான்.

டெல்டா பர்க்கர்.
ஒரு 'க்' கூடுதலா, சரிதானா என்று
தையல்நாயகியும் பர்வீனும்
படி முழுக்கச் சண்டை.
கீழே உரக்கடை. பாதிப் படிவரை யூரியா நெடி,
அதற்கு மேல் வெண்ணெய்.
நான்கு மேசை. ஐந்தாவதில்
கடைக்காரர் மகள் வாய்ப்பாடு எழுதுகிறாள்.
அவர் தோஹாவில் ஒன்பது வருடம்
இதையே அடுக்கியவராம்.

"எனக்கு இன்னைக்குக் கிருத்திகை" என்றவளுக்குக்
காய்கறியில் வந்தது.
மூடியைத் தூக்கிப் பார்த்தாள் தையல்:
"போண்டாதான். யாரோ மிதிச்சிருக்காங்க."
பர்வீன் அடிப்பாகத்தைத் திருப்பி
விரலால் சுண்டினாள்.
"எங்கண்ணன் பேக்கரி பன். சத்தியமா.
எள்ளு மட்டும் கேட்டுப் போட்டிருக்காரு."
காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போகையில்
பாலோடு வாங்கிப் போவோமே, அது.
தஞ்சாவூர் வார்டுக்கும்
முதல் நாள் அதைத்தான் வாங்கிப் போனேன்.
வாயே திறக்காதவளுக்கு.

ஜெசிந்தா கைப்பையைத் திறந்தாள்.
ரப்பர் பேண்ட் போட்ட ஐஸ் குச்சிக் கட்டு.
டாக்டர் சொன்ன பயிற்சி:
பல்லுக்கிடையில் செருகிக்கொள்,
இரண்டு நாளைக்கு ஒரு குச்சி கூட்டு.
ஐந்தில் ஆரம்பம்.
இன்று காலை பதினான்கு.

கட்டைத் தட்டில் படுக்கவைத்தாள்,
பர்கரை ஒட்டினாற்போல்.
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள்,
வரப்பு நேராக இருக்கிறதா என்று
குனிந்து பார்ப்பதுபோல.
அடிப் பன் முடிந்து
கீரை இலை தொடங்குகிற இடத்தில்
பதினான்கு குச்சியும் தீர்ந்துவிட்டது.
கோழி இன்னும் மேலே. அதற்கும் மேலே சீஸ்.
அதற்கும் மேலே பர்வீனின் அண்ணன்.

கடைக்காரர் கையுறையோடு ஓடி வந்தார்.
"மேடம், லைசென்ஸ் கல்லாகிட்ட மாட்டியிருக்கு.
எண்ணெய் காலையிலதான் மாத்துனது.
அளவு போர்டுல போட்டபடிதான் மேடம்."

தாடையை ஒரு கையால் ஏந்திக்கொண்டு
வலிக்க வலிக்கச் சிரித்தாள்.
பிறகு அவருக்கு விளக்கினாள், பல்லோடு பல்லாக.
எப்படி ஆச்சு என்றார்.
"கோவில்வெண்ணி ரோட்ல நெல்லு காயப்போட்டிருந்தாங்க.
வண்டி சறுக்கிருச்சு."
வண்டியை யார் ஓட்டியது என்று அவர் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
நான் டிஷ்யூவை மடித்துக்கொண்டிருந்தேன்,
நாலாக, எட்டாக,
இனி மடியாது என்கிறவரை.

"வெட்டித் தரட்டுமா?"
"வேண்டாம்."
"கத்தி, முள்கரண்டி?"
"இட்லியையே அப்படிச் சாப்பிட மாட்டேன்."

அப்போதுதான் கூட்ஸ் கிளம்பியது.
நெல் மூட்டை வேகன்கள், ஒன்றன்பின் ஒன்றாக.
மாடி அதிர்ந்தது, தண்ணீர் டம்ளர் நகர்ந்தது.
அந்தச் சத்தத்தில்
என் பக்கம் தட்டைத் தள்ளி
ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.
உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள்:
நீ அமுக்கு.

அமுக்கினேன்.
சாஸ் விரலிடுக்கில் வந்தது, தக்காளி நழுவியது.
இன்னும், என்று தலையாட்டினாள்.
இன்னும்.
முழங்கைவரை மயோனைஸ் வழிய
அவள் கண்ணையே பார்த்து அழுத்தினேன்.
குச்சிக்கட்டை எடுத்து ஒட்டிப் பார்த்தாள்.
போதும்.

கடித்தாள்.
தையல்நாயகி தன் போண்டாவை மறந்தாள்.
வாய்ப்பாட்டுக்காரி எழுந்து நின்று பார்த்தாள்.
மென்றாள், ஒரு பக்கமாக, நிதானமாக.
கடைக்காரர் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"உப்புக் கம்மி" என்றாள் ஜெசிந்தா.

கீழே கேட் திறந்து
எல்லா ஹாரனும் ஒன்றாக அடித்தது.
நான் கை கழுவப் போகவில்லை.
இன்னும் பாதி இருக்கிறது.