இரண்டு சுற்றுக்கு ஒன்று

வீடு குராமுக்கு.
வோல்கா எனக்கு.
கோர்ட்டுக் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.
வண்டிக்குள் ஒரு சத்தமும் இருப்பதை
எந்தப் பக்கத்திலும் யாரும் எழுதவில்லை.

டக். டக். டக்.
காலைக் குளிரில் மெலிதாக,
ரியோனி ஆற்றுப் பாலம் ஏறும்போது தெளிவாக,
சந்தை வாசலில் நிறுத்தினால்
சீமைப்பனிச்சைக் கூடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

"கிராங்க் போய்விட்டது, மக்வாலா"
என்றான் குராம், கையெழுத்துப் போட்ட கையோடு.
குரலில் வருத்தம் இருந்ததுபோல்தான் பட்டது.
பேனா மூடியைத் தவறான முனையில் செருகினான்.

குட்டாய்சியில் வாய் உள்ளவரெல்லாம் மெக்கானிக்.
பாலாடைக்கட்டி விற்கும் த்சியாலா "வால்வு" என்றாள்.
அவள் தம்பி "பிஸ்டன்" என்றான்.
டாக்ஸி வரிசையில் ஐந்து பேர்
ஐந்து நோய் சொன்னார்கள்.
மருந்து மட்டும் ஒன்றே:
பழைய இரும்புக்குத் தள்ளிவிடு.
எழுபத்தொன்பதில் பிறந்த வண்டி அது.
எனக்கு அதைவிட மூன்று வயது கூட.
என்னைத் தராசில் ஏற்றினால்
கிலோ என்ன விலைக்குப் போவேன்?

மல்ஹாஸ் எதுவும் சொல்லவில்லை.
ரயில் பாதைக்குப் பின்னால் அவன் கொட்டகை.
பானெட்டைத் தூக்கினான். கேட்டான்.
சிகரெட்டை அணைத்துவிட்டு மறுபடி கேட்டான்.
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி
பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டான்.
"காது பொய் சொல்லும்," என்றான் கடித்தபடியே.
பாதிச் சொல் எச்சிலாக வந்தது.
"எலும்பு அவ்வளவு சீக்கிரம் சொல்லாது."

பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.
முதல் வயர். எஞ்சின் நொண்டியது, டக் மாறவில்லை.
இரண்டாவது. நொண்டியது, மாறவில்லை.
மூன்றாவதில் ஷாக் அடித்து
கார்க்கி நகரத் தொழிற்சாலையை
அஸ்திவாரத்திலிருந்து திட்டினான்.
நான்காவதும் அப்படியே.
"ராடு பேரிங் என்றால் அந்த சிலிண்டர் ஓயும்போது
குரல் தணிய வேண்டும்.
இது யாருக்கும் தணியவில்லையே."

எஞ்சினை அணைத்தான்.
பிளக்குகளைக் கழற்றி என் கைக்குட்டையில் அடுக்கினான்,
கேட்காமலே.
முன்னால் பம்பருக்குள் இரும்புக் கைப்பிடியைச் செருகி
"சுற்று" என்றான், "சுற்றிக்கொண்டே எண்ணு."

ஒரு சுற்று. ஒன்றுமில்லை.
இரண்டு. டக்.
மூன்று. ஒன்றுமில்லை.
நான்கு. டக்.
தோள்பட்டை எரிந்தது.
பதினாறு வருடம்
நான் இரண்டு தரம் பேசினால்
குராம் ஒரு தரம் பதில் சொல்வான்.
அதையும் அப்போதே யாராவது
எண்ணியிருக்கலாம்.

"இரண்டு சுற்றுக்கு ஒன்று," என்றேன்.
"அப்படியானால் கிராங்க் இல்லை.
கேம் பக்கம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்."
ஸ்க்ரூடிரைவர் இன்னும் நான்கு இடம் நகர்ந்தது,
ஐந்தாவது இடத்தில் அவன் புருவம் ஏறியது.
பெட்ரோல் பம்ப்.
இரண்டு நட்டு. கிழிந்த ஒரு காகித வாஷர்.
உள்ளே நெம்புகோலை அணைத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்
இரண்டாக ஒடிந்து கிடந்தது,
நகத்துணுக்கு அளவில்
என் உள்ளங்கையில் உருண்டது.

செத்த பம்ப் ஒன்றின் ஸ்பிரிங்கைப் பிடுங்கி மாட்டினான்.
பன்னிரண்டு லாரி.
சிகரெட்டுக்கென்று இரண்டு தனியாகக் கேட்டு வாங்கினான்.

திரும்பும் வழியில் பழைய தெரு.
முன்பு முனை திரும்பும்போதே
தெருவுக்கு நான் வருவது தெரிந்துவிடும்.
இன்று நாய்கூட எழுந்திருக்கவில்லை.
மாடி ஜன்னலில் விளக்கு, முதுகு காட்டி ஒரு ஆள்.
இரண்டாம் கியரிலேயே கடந்தேன்.

பாலத்தின் நடுவில்தான் கேட்டது,
பின்னால் எங்கோ
கண்ணாடி தகரத்தைத் தொட்டுத் தொட்டு விலகுவதுபோல்.
பழைய டக்குக்கு அடியில்
இத்தனை நாள் இருந்திருக்கும்.
ரேடியோவை அணைத்துவிட்டு
எண்ணத் தொடங்கினேன்.