பொதுச்சுவர்

லைட் தெரு நீதிமன்றத்தில்
பதினொன்றேகாலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.
கார் நின்றதோ ஆர்மீனியன் தெருவில்.
ஒரே காரில்தான் வந்திருந்தோம்;
ஜார்ஜ்டவுனில் இரண்டு காருக்கு
யார் இடம் தேடுவது?

நடந்தோம்.
பிட் தெருவில் கண்ணைக் கரிக்கும் ஊதுபத்திப் புகை.
குவான் யின் கோயில் வாசலில்
புறாத் தீனி விற்கிறவள்
எங்களைப் பார்த்ததும் இரண்டு பொட்டலம் எடுத்தாள்.
'ஒன்னு போதும்' என்றார் புவனேந்திரன்
பழக்கத்தில்.
நாலடி போய்த் திரும்பி
இன்னொன்றும் வாங்கி வந்தார்.

ஐந்தடிப் பாதை என்று பெயர்தான்.
மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி, செருப்பு அலமாரி,
மூன்று ஆரஞ்சுப் பழத்தோடு தரையில் உட்கார்ந்திருக்கும்
சிவப்புச் சாமி.
ஒரு கடை வாசல் ஏறும்
அடுத்தது இறங்கும்
அதற்கடுத்ததை அடைத்துவிட்டார்கள்.
அவர் முன்னால், நான் பின்னால்.
பதினாறு வருடமாக இதே வேகம்
இன்றுதான் எனக்குக் கோபம் வரவில்லை.
ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் திரும்பி
'படி' என்றார்.
எனக்குக் கண் தெரியும் என்று
சொல்லாமல் ஏறினேன்.

குயின் தெரு மூலையில் பூக்கடைப் பையன்
'ஜோடி மாலை மலிவுக்கா' என்றான்.
நல்லவேளை லாரி ஒன்று ஹார்ன் அடித்தது.

கேப்பிட்டன் கிளிங் பள்ளிவாசல் தாண்டி
வெயிலில் சிவந்த ஓர் இளஞ்ஜோடி
போனை நீட்டினார்கள், எடுத்துக் கொடுத்தேன்.
கிரேக்க நாடாம்.
அவர்கள் ஊரிலும் கடலோரம் இப்படி
வளைந்து வளைந்து பழைய தெருக்கள் உண்டாம்,
ஆனால் பூனைகள் அதிகமாம்.
'இப்போது நீங்கள்' என்றாள் அந்தப் பெண்.
மறுக்க இருவருக்குமே ஆங்கிலம் வரவில்லை.
'இன்னும் கிட்ட, இன்னும்' என்று
கையாலேயே எங்களைத் தள்ளினாள்.
புவனின் போனில் இருக்கிறது அந்தப் படம்.
அனுப்பட்டுமா என்று அவர் கேட்கவில்லை.
நானும்.

ஆர்மீனியன் தெருவுக்குச் சற்று முன்னால்
பல் விழுந்த இடம்போல ஒரு காலி மனை.
இடித்த வீட்டின் மாடிப்படி
பக்கத்து வீட்டுச் சுவரில்
சாய்ந்த கோடாக மிச்சம்.
கோட்டுக்குக் கீழே நீலச் சாயம், மேலே பச்சை.
யாரோ காலண்டர் மாட்டிய ஆணி
எட்டாத உயரத்தில்.

குத்தகை வேலை பார்த்தவர், நின்றுவிட்டார்.
'ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு.
உள்சுவராக் கட்டினது
மழைக்குத் தாங்காது.'
சிமெண்ட் பூசினால்?
'மூச்சு முட்டிரும். சுண்ணாம்புதான்.
மெதுவாத்தான் காயும்.'
நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து
கையைத் தட்டிக்கொண்டார்.

காரின் கண்ணாடித் துடைப்பானில் சமன்.
'பாதி நான் தரேன்' என்றேன்.
அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.
வழியில் அதிகம் பேசவில்லை.
ஜெலுத்தோங் சிக்னலில்
நேராகப் போகப் பார்த்தவர்
இடப்பக்கம் சமிக்ஞை போட்டார்.

இரண்டாவது பொட்டலம்
இன்னும் என் கைப்பையில்.
வாடகை வீடு பதினேழாவது மாடி.
அந்த உயரத்துக்குப் புறா வருமா,
தெரியாது.