ஆறரை

செக்காலை ரோட்டுக் கடையில்
கணுக்காலோடு முடிந்துவிடும் கண்ணாடி.
அதில் நான் வெறும் இரண்டு பாதம்:
இடது ஆறு, வலது ஏழு.
ஆறரை அடுத்த வாரம் வரும் என்கிறார் கடைக்காரர்,
மூன்று வருடமாக.

பகலெல்லாம் மருந்துக்கடையில் நிற்கிற கால்.
சாயங்காலம்தான் செருப்பு வாங்க வேண்டும்,
வீங்கின அளவுதான் அதன் உண்மை அளவு.

சிவப்பு ஹீல்ஸ். நாலு எட்டு நடந்தேன்.
இடுப்பு வேறு யாருடையதோ போல் ஆடியது.
பிடித்திருந்தது.
சுண்டுவிரல் ஒத்துக்கொள்ளவில்லை.
டாக்டர் செருப்பு, மேகம்தான்.
ஆனால் பட்டுப்புடவைக்குக் கீழே
ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும்.

பதினோராவது பெட்டியில் இருந்தது இது.
கட்டைவிரல் தடிமன் உயரம், மெத்தென்ற அடி,
மயில்கழுத்து நிறத்தில் வார்.
வலது மட்டும் கொஞ்சம் பிடித்தது.
பழகிவிடும்.

கானாடுகாத்தானில் உமையாள் கல்யாணம்.
மயில்கழுத்தை யாரும் பார்க்குமுன்
வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள்.
வளவு, இரண்டாம் கட்டு, பந்தி, போட்டோ
எல்லாவற்றுக்கும் வெறுங்கால்தான்.

திரும்பி வந்தால் என் ஜோடி இல்லை.
கூட்டம் கலைந்த படியோரம்
வெள்ளி நிற ஹீல்ஸ் ஒன்று கிடந்தது.
உள்ளே ஐந்து விரலும் ஆழமாகப் பதிந்து,
குதிகால் விளிம்பில்
பிளாஸ்திரி பாதி உரிந்து.

"மாறிப் போயிருக்கும்க்கா" என்றான் ஆட்டோக்காரன்.
இருக்காது.
அந்தப் பிளாஸ்திரி நான் விற்கிற ரகம்,
தாங்க முடியாமல் போனால்தான் கேட்டு வருவார்கள்.

ஹீல்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு
வெறுங்காலோடு ஏறினேன்.
அவளுக்கும் வலது ஏழென்றால்
கொஞ்சம் பிடிக்கும்.
பழகிவிடும்.