காரணம்: ஒரு வரியில்

மூன்று மாதிரிப் புத்தகங்கள், ஒரு படிவம்,
ஒரு தட்டில் லெமன் பஃப்.
தரம் பத்துக்குத் துணைவாசிப்பு நூல்
வெள்ளிக்கிழமைக்குள் தெரிவாக வேண்டும்.
நூலக அறை மின்விசிறி
எங்களுக்கு முந்திப் பக்கங்களைப் புரட்டுகிறது.

முதலாவதுக்குத் தடித்த அட்டை.
அதில் எல்லா வீட்டுக்கும் முற்றம் உண்டு,
எல்லா முற்றத்திலும் கோலம்.
பாசையூரில் ஜெனிற்றா வீட்டு வாசலில்
வலை காயும். அதற்கு இதில் இடமில்லை.
இல்லை, இருக்கிறது:
நூற்றிரண்டாம் பக்கத்தில், "ஏழை மீனவர்" என்று.
அவளின் தகப்பனிடம் இரண்டு வள்ளம்.
என்னிடம் இருப்பது ஸ்கூட்டிக் கடன்.

இரண்டாவதன் முகப்பில்
நான்கு பிள்ளைகள் கைகோத்து நிற்கிறார்கள்.
தொப்பி, சிலுவை, திருநீறு.
நாலாவதுக்கு என்ன கொடுப்பதென்று
ஓவியருக்குத் தெரியவில்லைப் போலும்,
பலூன் கொடுத்திருக்கிறார்.
"இதுதான் நல்லது" என்றார் அதிபர்.
"எல்லாரும் இருக்கினம்.
ஒருத்தரும் பெட்டிசன் போடமாட்டினம்."
மரியநாயகம் சேர் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் நனைத்தபடி,
"சோதினைக்கு வராத புத்தகத்துக்கு
ஏன் இவ்வளவு நேரம்?"
அதுவும் நியாயம்தான். பிஸ்கற் உடைந்து விழுந்தது.

மூன்றையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன்.
அனுமதி கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

கபிலேஷ் மண்டபம் முகாமில் பிறந்தவன்.
பதினொரு வயதில் இங்கே "திரும்பி" வந்தான்,
தான் ஒருநாளும் புறப்படாத இடத்துக்கு.
"மிஸ்" என்று தொடங்கி
"ரீச்சர்" என்று முடிப்பான்.
"அகதின்னு ஒரு பாடம் இருக்கு.
அத நான்தான் வாசிக்கணுமா?"
அவன் கேட்க முதலே
வகுப்பு அவன் பக்கம் திரும்பியிருந்தது.

ஐந்து சந்தி நுஸ்கியா எழும்பவில்லை,
இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்:
"பெருநாள் பாடம் வந்தா
எல்லாரும் என்னைப் பார்ப்பினம்.
வட்டிலப்பம் எங்க எண்டு கேட்பினம்.
நாற்பது நிமிஷம் நான் ஒரு படம்."

நான் இவ்வளவு காலமும்
அவளைப் புத்தகத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்றே
யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மெல்லியது.
பதினேழாம் பக்கத்தில் மை கலங்கியிருக்கிறது.
தஸ்லிமா என்றொரு பெண்
சீசன் ரிக்கற்றைத் தொலைக்கிறாள்.
கொண்டக்டரிடம் பொய் சொல்கிறாள், பிடிபடுகிறாள்,
இறங்கி நடக்கிறாள்.
அவ்வளவுதான். நோன்பும் இல்லை, பிறையும் இல்லை,
அவள் யாரென்று விளக்க
அடிக்குறிப்பும் இல்லை.
நுஸ்கியா இரண்டு தரம் சிரித்தாள்,
ஒரு தரம் புத்தகத்தைப் பார்த்து "மடைச்சி" என்றாள்.

விடுதியில் நிற்கிற கோகிலவாணி
மேசைக்குக் கீழே வைத்து வேறொரு கதை வாசித்தாள்.
அதில் கொழுந்து பறிக்கிற ஒரு தாய்,
ஃபோன் றீலோட் காசுக்காக
மகனோடு சண்டை பிடிக்கிறாள்.
"இவ அழவே இல்ல ரீச்சர்" என்றாள்.
"நல்லாக் கோவப்படுறா."
அவளின் ஆச்சி வீடு பூண்டுலோயா என்று
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஜெனிற்றா கடைசிப் பக்கம்வரை தட்டிப்பார்த்தாள்.
"இதில கடல் இல்லை."
பிறகு, "பரவாயில்லை. கடல் எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை.
படிவத்தின் அடியில்:
காரணம் (ஒரு வரியில்).
பண்பாடு என்று எழுதினேன், வெட்டினேன்.
சகலரும் என்று எழுதினேன், அதையும் வெட்டினேன்.
மிச்சமிருந்த இடத்தில் எழுதினேன்:
தஸ்லிமா சீசன் ரிக்கற்றைத் தொலைக்கிறாள்.

அதிபர் கண்ணாடியை ஏற்றி வாசித்தார்.
"இதொரு காரணமோ?"
முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினார்,
எடுக்கவில்லை.
யன்னலுக்கு வெளியே காரைநகர் பஸ் ஹோர்ன் அடித்துப் போனது.

"பேந்து," என்றார்,
"கிடைச்சுதே?"