கடன் வாங்கிய மணி

புக்கெட் போகும் இரவு
ஒலிபெருக்கி சொல்கிறது:
கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்புங்கள்.

பதினைந்தாம் தளத்தில்
அந்த மணியை ஆடித் தீர்க்கிறார்கள்.
இரண்டாம் தளத்துச் சலவை அறையில்
எங்களுக்கு அது தூக்கம்.
ரோடெல் காலணியோடே சாய்ந்துவிட்டான்.

இங்கே சன்னல் கிடையாது.
துண்டுகளை உதறித்தான்
எந்தத் தீவு என்று தெரிந்துகொள்வேன்.
லங்காவி மணல் பொடி,
காதுக்குள் போய் உட்காரும்.
புக்கெட் மணலில் தேங்காயெண்ணெய் வாடை.
பினாங்கில் மணலே வராது,
தலையணை உறையில்கூடக் குழம்புக் கறை.

திரும்பும் இரவு
கொடுத்த மணியைக் கேட்கிறது சிங்கப்பூர்.
'வட்டி கேட்காதவரை சரி'
என்கிறான் ரோடெல், கண் திறக்காமல்.

மரினா சவுத்.
மூவாயிரம் பேர் இறங்கி
மூவாயிரம் பேர் ஏறுவதற்குள்
எனக்கு நாற்பது நிமிடம்.
எம்ஆர்டி வாசலில் நிற்கிறேன்.
தரை ஆடுகிறது.
பெட்டியை இழுத்துப் போகும் யாருக்கும்
ஆடுவதாகத் தெரியவில்லை.

இங்கே ஏழரை.
புன்னைக்காயலில் இப்போதுதான் ஐந்து.
ஜெபமாலையின் பெயர்மேல் விரலை வைத்தவன்
எடுத்துவிட்டேன்.
அலாரம் அடிக்க அவளுக்கு
இன்னும் அரை மணி இருக்கிறது.

அதையாவது
யாரும் திருப்பிக் கேட்காமலிருக்கட்டும்.